வெளிநாட்டில் துணிக்கடை: எந்த வழியாக நுழைவது?

ஜப்பானின் துணிக்கடை நிறுவனமான யூனிக்லோ 2001-இல் லண்டனில் கடை திறந்தது. ஜப்பானில் அந்தப் பெயருக்கு அப்போது நல்ல மவுசு. அந்தத் தெம்பில் பிரிட்டனில் மளமளவென்று 21 கடைகள் வரை போனார்கள். 2003-இல் 16 கடைகளை மூடிவிட்டு ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 2005-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மால்களுக்குள் மூன்று கடைகள். அவையும் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் சோஹோ பகுதியில் பெரிய கடை ஒன்றைத் திறந்த பிறகுதான் அந்த நாட்டில் பெயர் சொல்லும்படி ஆனது. 2018 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் யூனிக்லோவின் வெளிநாட்டு விற்பனை முதல் தடவையாக உள்நாட்டு விற்பனையை மிஞ்சியது.

இத்தனை ஆண்டுகளில் அவர்கள் விற்ற துணி அடியோடு மாறிவிடவில்லை. போன வழிதான் மாறியது. அதனால்தான், ஒரு துணி நிறுவனம் புதிய நாட்டுக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், எந்த நாடு என்பதைவிட எந்த வழி என்பதைத்தான் நான் அதிக நேரம் பேசுவேன்.

இயக்குநர் குழுவின் முன் வைக்கப்படும் ஒப்பீடுகளில் பெரும்பாலும் இரண்டு எண்கள்தான் பெரிய எழுத்தில் இருக்கும்: நுழைய எவ்வளவு முதல் வேண்டும், ஐந்தாம் ஆண்டில் விற்பனை எவ்வளவு வரும். முதல் எண்ணை ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். இரண்டாவது, விரும்பியபடி வளையும். நான் வேறு இரண்டு கேள்விகளை மேலே வைப்பேன். சரிவராவிட்டால் வெளியே வர என்ன செலவாகும்? அந்த ஊர் வாடிக்கையாளரைப் பற்றிக் கற்றுக்கொண்டது கடைசியில் யாரிடம் தங்கும்? கீழே வரும் எல்லா வழிகளையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

பேச வசதியாக ஒரு நிறுவனத்தை மனதில் வைத்துக்கொள்வோம். சொந்த நாட்டில் 60 கடைகள். நடுத்தர விலை. லாபத்தில் ஓடுகிறது, கடன் அதிகமில்லை. போகப்போகும் நாட்டில் அதன் பெயரை யாருக்கும் தெரியாது.

சொந்தக் கடை: குத்தகைப் பத்திரத்தை முதலில் படியுங்கள்

சொந்தக் கடை என்றதும் எல்லோரும் உள் அலங்காரச் செலவைப் பேசுவார்கள். விளக்கு, தரை, அலமாரி, டிரையல் ரூம் எல்லாம் பெரிய செலவுதான், ஆனால் ஒரு தடவையோடு முடிந்துவிடும். கழுத்தைப் பிடிப்பது குத்தகை. ஆண்டு வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக் குத்தகை. மூன்றாம் ஆண்டு முடிவில் கடை ஓடாது என்று தெரிந்துவிட்டது. இன்னும் 700 தலையில் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் விலகலாம் என்று பத்திரத்தில் ஒரு பிரிவு இருந்திருந்தால் 200-உடன் தப்பித்திருக்கலாம். அந்த ஒரு பத்திக்கும் அது இல்லாததற்கும் இடையே ஐந்தாண்டு வாடகை நிற்கிறது. பேரம் பேசும்போது பலர் வாடகையில் ஐந்து சதவீதம் குறைக்கப் போராடிவிட்டு, இந்தப் பிரிவைக் கோட்டைவிடுகிறார்கள்.

நாட்டுக்கு நாடு பத்திரத்தின் குணமே வேறு. பிரான்சில் வணிகக் குத்தகை குறைந்தது ஒன்பது ஆண்டு, ஆனால் பொதுவாக மூன்றாண்டுக்கு ஒருமுறை வாடகைதாரர் விலகலாம். பிரிட்டனில், மறுபரிசீலனை வரும்போது வாடகை ஏறலாம், இறங்கக் கூடாது என்ற நிபந்தனை நெடுங்காலமாகச் சகஜம். 2019 முதல் நடப்பிலுள்ள ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற கணக்கியல் தரத்தைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு இன்னொன்றும் உண்டு: கட்ட வேண்டிய எதிர்கால வாடகை, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையிலேயே கடன்போல ஏறிவிடும். வங்கியில் வேறு கடன் வாங்கப் போகும்போது அது கண்ணில் படும்.

வெளியேறும்போது குறுக்கே நிற்பது இடத்துக்காரர் மட்டுமில்லை. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2001-இல் ஐரோப்பாக் கண்டத்தில் இருந்த தன் கடைகளை மூடுவதாக அறிவித்தபோது பிரான்சில் 18 கடைகள் இருந்தன. ஊழியர்களைச் சட்டப்படி முன்கூட்டிக் கலந்துபேசவில்லை என்று பாரிஸ் நீதிமன்றம் அந்த நடவடிக்கையையே நிறுத்திவைத்தது. கடைசியில் அந்தக் கடைகள் கலரி லஃபாயெத் குழுமத்தின் கைக்குப் போயின. மூடுவது என்று முடிவெடுத்த நாளுக்கும் ஷட்டர் இறங்கும் நாளுக்கும் நடுவில் பல மாதச் சம்பளமும் வாடகையும் ஓடும் என்பதை ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு வரியாகவாவது எழுதிவைக்க வேண்டும்.

அகலக்கால் வைத்தவர்களின் கதைகள் இந்த வழியில்தான் அதிகம். துணியோடு வீட்டுப் பொருட்களும் விற்கும் அமெரிக்க நிறுவனமான டார்கெட், 2011-இல் கனடாவின் ஜெல்லர்ஸ் கடைகளின் குத்தகைகளை 182.5 கோடி கனேடிய டாலருக்கு வாங்கியது. 2013 மார்ச்சில் முதல் கடைகள் திறந்தன, அந்த ஆண்டு முடிவதற்குள் 124 ஆகிவிட்டன. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். சுமார் 17,600 பேருக்கு வேலை போயிற்று. கிடங்கில் சரக்கு குவிந்து கிடக்க, கடை அலமாரி காலியாக இருந்தது. புதிதாகப் போட்ட கணினி அமைப்பில் பொருட்களின் அளவும் விவரங்களும் தப்பும் தவறுமாக ஏறியிருந்தன என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. பத்துக் கடைகளில் இந்தத் தவறு நடந்திருந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைத்திருக்கும். குத்தகைகளை மொத்தமாக வாங்கிவிட்டதால், திறக்காத கடைக்கும் வாடகை ஓடியது. அந்த அவசரம்தான் அவகாசத்தைத் தின்றது. ஃபாரெவர் 21 என்ற அமெரிக்கத் துணி நிறுவனம் ஆறே ஆண்டுக்குள் 7 நாடுகளிலிருந்து 47 நாடுகளுக்குப் போய், 2019-இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றது.

இவ்வளவு சொன்ன பிறகும் சொந்தக் கடையை நான் தள்ளிவிட மாட்டேன். அதில் கிடைக்கும் அறிவு வேறு எதிலும் கிடைக்காது. ஸ்பெயினின் ஸாரா பிராண்டின் கடைகளுக்கு வாரம் இருமுறை புதுச் சரக்கு போகிறது. எது தொங்கியபடியே இருக்கிறது, எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டுகிறார்கள் என்ற செய்தி கடையிலிருந்து தலைமையகத்துக்கு உடனே திரும்புகிறது. வேகமாக மாற்றித் தைக்கும் திறன் உள்ள நிறுவனத்துக்குச் சொந்தக் கடை ஒரு காது மாதிரி. ஆறு மாதத்துக்கு முன்பே ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்தக் காதால் பாதிப் பயன்தான். கேட்டாலும் இந்தப் பருவத்தில் எதையும் மாற்ற முடியாது.

யூனிக்லோ கதையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சிறிதாகத் தொடங்குவது பாதுகாப்பு என்று நினைத்து மால் ஓரத்தில் மூன்று கடை போட்டால், அதன் தோல்வி எதையும் நிரூபிக்காது. பெயர் தெரியாத கடையைக் கடந்து போனவர்கள் துணியை நிராகரிக்கவில்லை, பார்க்கவே இல்லை. சோதனை சிறியதாக இருக்கலாம், ஆனால் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஃபிரான்சைஸ்: ஆபத்து அவருக்கு, அறிவும் அவருக்கு

ஃபிரான்சைஸ் முறையில் உள்ளூர் நிறுவனம் ஒன்று நம் பெயரில் கடை நடத்தும். சரக்கை நம்மிடம் மொத்த விலைக்கு வாங்கும், நம் பெயரைப் பயன்படுத்துவதற்கு விற்பனையில் ஒரு பங்கை ராயல்டியாகத் தரும். வாடகை, சம்பளம், விற்காமல் தேங்கும் சரக்கு எல்லாம் அவர் பாடு. ஸ்வீடனின் ஹெச் அண்ட் எம் பெரும்பாலான நாடுகளில் சொந்தக் கடைகளையே நடத்துகிறது. ஆனால் மத்திய கிழக்கில் 2006-இல் குவைத்தின் அல்ஷாயா குழுமத்தோடு ஃபிரான்சைஸ் முறையில்தான் நுழைந்தது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்தவை, உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளலாம். சொந்தக் கடையில் 100-க்கு விற்கிறோம். சரக்கின் அடக்கம் 27, கப்பல் கூலியும் சுங்கமும் 5, வாடகை 20, சம்பளம் 14, தள்ளுபடியிலும் தேங்கலிலும் போவது 15, அந்த நாட்டு அலுவலகச் செலவு 10. மீதி 9. ஃபிரான்சைஸில் அதே சரக்கை 35-க்குக் கொடுத்து 5 ராயல்டி வாங்குகிறோம். கைக்கு வருவது 40. அடக்கம் 27, நம் ஆட்கள் போய்வரும் செலவு 4 போக மீதி அதே 9.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். விற்பனை 20 சதவீதம் குறைந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சொந்தக் கடையில் வாடகை, சம்பளம், அலுவலகம் மூன்றும் குறையாது. தள்ளுபடியும் அதே 15 என்று வைத்தால், 80 வரவுக்கு 84.6 செலவு. லாபம் போய் 4.6 நஷ்டம். ஃபிரான்சைஸில் 32 வரும், செலவு போக 6.4 மிஞ்சும். எதிர்ப்பக்கமும் உண்டு. கடைகள் பெருகி, அலுவலகச் செலவு 10-லிருந்து 4-ஆகக் குறைந்தால் சொந்தக் கடையில் 15 நிற்கும். ஃபிரான்சைஸில் எத்தனை கடை வந்தாலும் ஏறக்குறைய அதே 9-தான். ஆக, சில கடைகளோடு நின்றுவிடக்கூடிய சிறிய சந்தைக்கு ஃபிரான்சைஸ் பொருந்தும். நூறு கடை தாங்கும் சந்தையை ஃபிரான்சைஸில் கொடுத்தால் பிற்காலத்தில் மனம் ஆறாது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது சரக்குத் தேர்வு. தேங்கினால் தன் நஷ்டம் என்பதால் ஃபிரான்சைஸ்காரர் கறுப்பு, நீலம், வெள்ளை என்று பயமில்லாத நிறங்களாகவே எடுப்பார். நடு சைஸ்களாகவே வாங்குவார். அவர் நிலையில் அது நியாயமே. ஆனால் இரண்டு பருவம் கழித்து அந்தக் கடைக்குள் நுழைந்தால், நம் பெயர்ப்பலகை மாட்டிய வேறு யாருடைய கடையோ மாதிரி இருக்கும். ஏன் விற்கவில்லை என்று கேட்டால் இந்த ஊரில் இது போகாது என்ற ஒரே பதில் வரும். உண்மையிலேயே போகாதா, தொங்கவே விடவில்லையா என்று நமக்குத் தெரிய வழியில்லை.

அதனால் ஒப்பந்தத்தில் ராயல்டியை அரை சதவீதம் ஏற்றுவதைவிட வேறு மூன்று விஷயங்களுக்காக நான் மல்லுக்கட்டுவேன். ரகம், நிறம், சைஸ் வாரியாகத் தினசரி விற்பனை விவரம் நமக்கு வர வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் சரக்கில் ஒரு பங்கை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பங்கு தேங்கினால் நஷ்டத்தில் நாமும் பாதி ஏற்கலாம். மூன்றாவதாக, அந்த நாட்டில் ஆன்லைனில் விற்கும் உரிமை யாருக்கு என்பது தெளிவாக எழுதப்பட வேண்டும். நாடு முழுவதற்கும் ஏக உரிமை என்று ஒரு வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சொந்த இணையதளத்தில் விற்க முடியாமல் தவிப்பது தவிர்க்கக்கூடிய வேதனை.

சொந்தக் கடையில் கை சுட்டுக்கொண்டவர்கள் பிறகு கூட்டாளியைத் தேடி வருவதும் உண்டு. அமெரிக்காவின் கேப் நிறுவனம் 2021-இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தன் 81 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. அதன் பிறகு பிரிட்டனின் நெக்ஸ்ட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, நெக்ஸ்ட் கடைகளுக்குள்ளும் இணையத்திலும் தன் துணியை விற்கத் தொடங்கியது.

கூட்டு நிறுவனம், விலைக்கு வாங்குதல்

இவை இரண்டையும் சுருக்கமாகவே முடிக்கிறேன், நம் மாதிரி நிறுவனத்துக்கு இவை முதல் வழிகள் ஆகா.

கூட்டு நிறுவனத்துக்குச் சட்டமே தள்ளும் இடங்கள் உண்டு. இந்தியாவில் ஒற்றை பிராண்ட் சில்லறை விற்பனையில் அந்நிய முதலீடு 51 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்த காலத்தில், ஸாராவின் தாய் நிறுவனமான இண்டிடெக்ஸ், டாடா குழுமத்தின் டிரென்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 2010-இல் ஸாரா கடைகளைத் திறந்தது. 2012-இல் 100 சதவீதம் வரை வழி திறந்தது. ஹெச் அண்ட் எம் அதன் பிறகு 2015-இல் முழுக்கத் தன் முதலீட்டில் வந்தது. முதலாமவருக்கு ஐந்தாண்டு முன்னிலை, இரண்டாமவருக்கு முழு உரிமை. எது சரி என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் விதி மாறும் என்று தெரிந்தால், கூட்டு சேரும் நாளிலேயே பிரியும் விலையையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் 1999-இல் ஓட்டோ குழுமத்தோடு சேர்ந்து நுழைந்த இண்டிடெக்ஸ், பிறகு கூட்டாளியின் பங்கை வாங்கிக்கொண்டது. அப்படி வாங்கும் விலையை எப்படிக் கணக்கிடுவது என்ற சூத்திரம் பத்திரத்தில் இல்லாவிட்டால், வியாபாரம் நன்றாக ஓட ஓட அந்த விலை நமக்கு எதிராகவே ஏறிக்கொண்டிருக்கும்.

உள்ளூர் நிறுவனத்தையே விலைக்கு வாங்குவது கடன் இல்லாத பெரிய நிறுவனத்துக்குக்கூடக் கத்திமேல் நடப்பதுதான். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1988-இல் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸை 75 கோடி டாலருக்கு வாங்கி, 2001-இல் 22.5 கோடி டாலருக்கு விற்றது. அறுபது கடை நிறுவனம் இதைச் செய்தால் முதலுக்கே மோசம்.

அடுத்தவர் கடைக்குள் ஒரு மூலை

பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள் நம் பெயரில் ஓர் இடம். சில இடங்களில் அவர்களே சரக்கை வாங்கி விற்பார்கள். சில இடங்களில் சரக்கும் விற்பனையாளரும் நம்முடையவர்கள், விற்பனையில் ஒரு பங்கு மட்டும் அவர்களுக்கு. அந்தப் பங்கு கனமானதுதான். இந்த வழியைப் பலர் மதிப்பதில்லை, பிராண்டின் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைக்கிறார்கள். என் எண்ணம் நேர் எதிர்.

பிரிட்டனின் டாப்ஷாப் அமெரிக்காவில் இரண்டு வழிகளிலும் இருந்தது. 2009-இல் நியூயார்க்கில் சொந்தக் கடை திறந்தது. 2012 முதல் நார்ட்ஸ்ட்ராம் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோரின் கடைகளுக்குள்ளும் விற்றது. 2019-இல் தாய் நிறுவனம் நெருக்கடியில் சிக்கியபோது அமெரிக்காவில் இருந்த 11 சொந்தக் கடைகளையும் மூடினார்கள். நார்ட்ஸ்ட்ராம் வழி விற்பனை அப்போது தொடர்ந்தது. ஒரே பிராண்ட், ஒரே நாடு, ஒரே துணி. குத்தகையில் நின்றது போயிற்று, மூலையில் நின்றது மிஞ்சியது.

வெளியேறும் செலவு இந்த வழியில்தான் மிகக் குறைவு. அலமாரியைக் கழற்றி, சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். சொந்த ஆட்களை நிறுத்தினால் அறிவும் நம்மிடமே தங்கும். குறை என்னவென்றால், இடம் அவர்கள் கையில். விற்பனை சற்று மந்தமானால் மாடிப்படிக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். அந்த ஸ்டோரே நலிந்தால் நம் சரக்குப் பணம் மாட்டிக்கொள்ளும். எனவே வசூல் எத்தனை நாளில் நம் கணக்குக்கு வரும் என்பதை அவர்கள் எடுக்கும் பங்குக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு பேச வேண்டும்.

ஆன்லைன்: மலிவு என்ற நம்பிக்கை

இணையத்தில் விற்பதற்குக் குத்தகை இல்லை, சட்டென்று தொடங்கலாம், சட்டென்று நிறுத்தலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் மலிவு என்ற நம்பிக்கையைச் சுங்கமும் ரிட்டர்னும் சேர்ந்து அரித்துவிடுகின்றன.

முதலில் சுங்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலான ஆடைகளுக்கு இறக்குமதி வரி 12 சதவீதம். தொழிற்சாலை விலை 27 உள்ள சட்டையை மொத்தமாகக் கப்பலில் இறக்கினால் வரி சுமார் 3. அதே சட்டையை வெளிநாட்டிலிருந்து நேராக வாடிக்கையாளரின் பெயருக்குப் பார்சல் அனுப்பினால், சலுகை எதுவும் இல்லாதபோது வரி அவர் கொடுத்த விலையான 100-இன் மேல் விழும், அதாவது 12. மலிவான பார்சல்களுக்கு வரி விலக்கு இருந்தவரை இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த விலக்கு, சீனா, ஹாங்காங் சரக்குகளுக்கு 2025 மே மாதத்திலும், மற்ற எல்லா நாடுகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலும் நின்றுபோயிற்று. அந்த விலக்கை நம்பிப் போட்ட திட்டங்கள் ஒரே கோடைக்குள் அர்த்தமிழந்தன. இன்று ஆன்லைன் கணக்குப் போடுபவர், மொத்தமாக இறக்கி அந்த நாட்டிலேயே ஒரு வாடகைக் கிடங்கில் வைத்து விற்பதாகத்தான் போட வேண்டும். கிடங்கைச் சொந்தமாக எடுக்காமல், பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரிடம் விட்டால் வெளியேறுவது எளிது.

அடுத்தது ரிட்டர்ன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்பது சட்டம். துணியில் இது சும்மா இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக, திரும்பி வந்த பெட்டிகளைப் பிரிக்கும் மேசையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஒரே பெண் ஒரே ஜீன்ஸை மூன்று சைஸில் வாங்கியிருந்தார். முதலில் இரண்டு வந்தன, சில நாளில் மூன்றாவதும் வந்தது. மூன்றிலும் காரணக் கட்டத்தில் ஒரே டிக்: சைஸ் சரியில்லை. கடைசிப் பெட்டியில் மட்டும் பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தார்: இடுப்பில் என் கை முழுவதும் நுழைகிறது, தொடையில் துணி நகரவே இல்லை. ஜீன்ஸைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். தொடைத் தையலில் நூல் இழுபட்டு வெளிறியிருந்தது, இடுப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்தச் சீட்டைக் கணினியில் ஏற்ற இடமில்லை. தலைமையகத்துக்குப் போனது ‘சைஸ் சரியில்லை’ என்ற எண்ணிக்கை மட்டும். அதைப் படித்தவர்கள் அடுத்த ஆர்டரில் பெரிய சைஸ்களைக் கூட்டிப் போட்டார்கள். பிரச்சினை சைஸில் இல்லை, துணியை வெட்டும் அச்சில், அதாவது பேட்டர்னில் இருந்தது. அந்த நாட்டுப் பெண்களுக்கு நம் அச்சு பொருந்தவில்லை. டிரையல் ரூம் வாசலில் நிற்கும் ஒரு விற்பனைப் பெண் முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கக்கூடியதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழுப் பருவம் ஆயிற்று. ஆன்லைனில் விவரம் நம்மிடம் மலைபோல் குவியும். அறிவு குவிவது வேறு விஷயம்.

இதை எழுதும்போது இப்போதும் அந்தச் சீட்டு மனதில் நிற்கிறது. அவ்வளவு சிரமப்பட்டு ஒரு வாடிக்கையாளர் நமக்கு வழி சொல்கிறார், அதைப் படிக்க ஓர் ஆள் இல்லை.

சொந்த இணையதளத்தை விட்டு, பெரிய விற்பனைத் தளத்தில் ஏறினால் கூட்டம் உடனே கிடைக்கும். ஆனால் கதவின் சாவி அவர்களிடம். சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பருத்தியில் கட்டாய உழைப்பு இருப்பதாக எழுந்த சர்ச்சையில் 2021 மார்ச்சில் ஹெச் அண்ட் எம்-இன் பொருட்கள் சீனாவின் பெரிய விற்பனைத் தளங்களிலிருந்து ஒரே மூச்சில் மறைந்தன. அவற்றில் ஒன்றான டிமால் தளத்தில் அதன் கடை மீண்டும் தென்பட 2022 ஆகஸ்ட் ஆயிற்று. சொந்தமாகப் போவதும் எளிதில்லை. ஆன்லைனிலேயே பிறந்து வளர்ந்த அஸோஸ், 2013-இல் சீனாவுக்கென்று தனிச் செயல்பாட்டைத் தொடங்கி 2016-இல் மூடிவிட்டது.

எந்த வழியானாலும் முதலில் முடிக்க வேண்டியது

பெயர்ப் பதிவு. அமெரிக்காவில் டி.ஜே. மேக்ஸ் என்று அறியப்படும் கடை, 1994-இல் பிரிட்டனுக்குப் போனபோது டி.கே. மேக்ஸ் ஆனது. அங்கே டி.ஜே. ஹியூஸ் என்ற கடை ஏற்கெனவே இருந்ததால் குழப்பம் வரக்கூடாது என்று எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள். ஜப்பானின் முஜி நிறுவனம் தன் பெயரின் சீன எழுத்துகளைத் துண்டு, படுக்கை விரிப்பு போன்றவற்றுக்குச் சீனாவில் வேறொருவர் முன்பே பதிந்துவிட்டதால் 2019-இல் வழக்கில் தோற்றது. சீனாவில் பயன்படுத்தியவரைவிட முதலில் பதிந்தவருக்கே பொதுவாக முன்னுரிமை. ஃபிரான்சைஸ்காரரிடம் பேச்சு தொடங்கும் முன்பே, துணிக்கும் அதை ஒட்டிய வகைகளுக்கும் சேர்த்துப் பதிந்துவிட வேண்டும்.

இன்னொன்று உள்லேபிள். துணியில் எந்த இழை எத்தனை சதவீதம் என்பதை அந்த நாட்டு மொழியில் போட வேண்டும் என்ற விதி ஐரோப்பிய நாடுகளில் உண்டு. தைத்த பிறகு லேபிளைப் பிரித்து மாற்றுவது ஒவ்வொரு சட்டைக்கும் கைவேலை. தொழிற்சாலையிலேயே தீர்த்தால் செலவு தெரியவே தெரியாது. பூமியின் தென்பாதியில் பருவம் தலைகீழ் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பருவம் முடிந்து மிஞ்சிய சரக்கை அங்கே அனுப்பலாம் என்ற யோசனை வரும். அந்த ஊர்க்காரர்களும் கைபேசியில் நம் புதுச் சரக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

நம் அறுபது கடை நிறுவனத்துக்கு முதல் 18 மாதம்: ஒரே ஒரு பெருநகரம், ஒரு நல்ல டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள் இரண்டு மூலைகள், நம் ஆட்களே விற்பனைக்கு. கூடவே அந்த நாட்டுக் கிடங்கிலிருந்து சொந்த இணையதளம். மூலையில் அச்சும் நிறமும் கற்றுக்கொள்ளலாம், இணையத்தில் எந்த ஊரிலிருந்து ஆர்டர் வருகிறது என்று கற்றுக்கொள்ளலாம். இரண்டையும் தனித்தனியாக ஒப்பிட்டால் இரண்டுமே குறையுள்ளவை. சேர்த்து வைத்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிறது.

நிறுத்தும் எண்களைத் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும்: தள்ளுபடி இல்லாமல் முழு விலைக்குப் போகும் சரக்கின் பங்கு, ரிட்டர்ன் சதவீதம், ஆறு மாதத்துக்குள் மறுபடி வாங்கியவர்களின் எண்ணிக்கை. மொத்த விற்பனையை இந்தப் பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன். தள்ளுபடியைக் கூட்டினால் அது தானாக ஏறும்.

விலையைப் பொறுத்து இந்தத் தீர்ப்பு மாறும். மிக மலிவான துணி விற்பவருக்கு ஒரு பார்சலின் கூலியே லாபத்தைத் தின்றுவிடும், ஸ்டோரின் பங்கும் தாங்காது. பிரைமார்க் 2015-இல் அமெரிக்காவில் நுழைந்தபோது வீட்டுக்கு அனுப்பும் ஆன்லைன் விற்பனை இல்லாமல், போஸ்டன் நகர மையத்தில் பெரிய கடையோடுதான் தொடங்கியது. அவர்களுக்கு அளவில்தான் லாபம், அளவு பெரிய கடையில்தான் வரும். அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு மூலைக் கடை யோசனையைச் சொல்ல மாட்டேன். மால் இடங்கள் பெரும்பாலும் சில குழுமங்களின் கையில் இருக்கும் நாடுகளுக்கு நேரே ஃபிரான்சைஸ், மேலே சொன்ன மூன்று பிரிவுகளோடு.

அரசியல் ஆபத்து உள்ள நாடு என்றால் வெளியேறும் கேள்வி இன்னும் கூர்மையாகும். 2022 மார்ச்சில் ரஷ்யாவில் இண்டிடெக்ஸ் மூடிய கடைகள் சுமார் 500. அந்த ஆண்டு அக்டோபரில் அந்த வணிகத்தை ஐக்கிய அரபு அமீரகத்தின் டாஹர் குழுமத்துக்கு விற்க உடன்பாடு ஆனது. குத்தகைகளில் பெரும்பாலானவற்றை வாங்குபவர் ஏற்றுக்கொள்ளவும், பலருடைய வேலை தப்பவும் வழி கிடைத்தது. குத்தகையை இன்னொருவருக்கு மாற்றித்தரும் உரிமை நம் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, அப்படி ஒரு நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பதினெட்டாம் மாதத்தில் எண்கள் தேறினால், அதே நகரத்தில் இணைய ஆர்டர்கள் அதிகம் வந்த பகுதியில், தெருவில் நடப்பவர் கண்ணில் படும் முதல் சொந்தக் கடை. மூன்றாம் ஆண்டில் விலகும் பிரிவுக்காக வாடகையை எட்டு சதவீதம் வரை கூட்டித் தர நான் தயார். பத்தாண்டுக்கும் கட்டிப்போட்டால்தான் தருவேன் என்று இடத்துக்காரர் நின்றால், அதே தெருவில் அடுத்த இடம் காலியாகும்வரை மூலைகளிலேயே விற்றுக்கொண்டிருப்பேன்.